படத்தில் இளம்பச்சை, பாட்டிலில் வெள்ளம்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு வானிலை ஆய்வு மையமாக மாறிவிடும். தஞ்சாவூர்ச் சித்தி காலை ஆறு மணிக்கே ஒரு படம் அனுப்பிவிடுவார். வங்கக் கடல் முழுக்கச் சிவப்பு, டெல்டா மேல் மஞ்சள், ஓரத்தில் மில்லிமீட்டர் கணக்கு. "சேட்டிலைட்டே அளந்து சொல்லிடுச்சு" என்று கீழே ஒரு வரி. தம்பி மகனுக்கு அந்தப் படத்தில் தெரிவது ஒன்றே ஒன்று, பள்ளி விடுமுறை.

நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் இந்தப் படங்களுக்குப் பின்னால் ஓடும் கணக்கில் கொஞ்சநாள் குப்பை கொட்டியிருக்கிறேன். அதனால் சந்தேகம் என்றால் என் தலையில்தான் விடியும். "அது அளக்கவில்லை சித்தி, ஊகிக்கிறது" என்று ஒருமுறை எழுதப் போய், நல்ல சேதியைக் கெடுக்க வந்தவளாகப் பெயரெடுத்தேன். குழுவில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

மழையை அளப்பது என்றால் முதலில் மழைமானி. நம் நாட்டு நிலையங்களில் பரவலாக இருப்பது ஃபைபரில் செய்த ஓர் உருளை. வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர், உள்ளே ஒரு பாட்டில். காலை 8.30க்கு ஒருவர் போய்த் திறந்து, பாட்டில் தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றிப் பார்த்து எழுதுவார். 20 மில்லிலிட்டர் தண்ணீர் சேர்ந்திருந்தால் 1 மில்லிமீட்டர் மழை. மழையை நேராகக் கையில் பிடித்து அளப்பது இது ஒன்றுதான்.

ஆனால் அந்த 200 சதுர சென்டிமீட்டருக்கு வெளியே என்ன பெய்தது என்று அதற்குத் தெரியாது. 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவானது சுமார் 95 சென்டிமீட்டர். நான் சொன்ன வகை மழைமானியில் அது 19 லிட்டர் தண்ணீர், ஏறக்குறைய ஒரு குடிநீர் கேன். பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் திருச்செந்தூரில் அதே நேரத்தில் 69 சென்டிமீட்டர். இரண்டு ஊருக்கும் நடுவே இருந்த வயலில் எவ்வளவு? கடலுக்குள் பத்து கிலோமீட்டர் தள்ளி எவ்வளவு? கடலில் யார் போய் மானி வைப்பது? உலகத்தில் கணக்குக்குக் கிடைக்கிற மழைமானிகளின் வாய்களை எல்லாம் சேர்த்துப் பரப்பினாலும் பாதிக் கால்பந்து மைதானம்கூடத் தேறாது என்று 2017இல் ஓர் ஆய்வுக் குழு கணக்குப் போட்டுக் காட்டியது. பூமியில் விழும் மழையை அந்தப் பாதி மைதானத்தை வைத்துக்கொண்டுதான் பேசி வந்திருக்கிறோம்.

அதனால்தான் மேலே இருந்து பார்க்கும் ஆசை வந்தது. முதலில் வந்த வழி, மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று அகச்சிவப்புக் கருவியால் பார்ப்பது. உயரமான மேகத்தின் தலை குளிர்ந்திருக்கும், உயரமான மேகம் நன்றாகப் பெய்யும் என்ற நம்பிக்கை. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்து வீட்டுக்குள் எத்தனை பேருக்குச் சமையல் நடக்கிறது என்று சொல்வதைப் போன்றது இது. பெரும்பாலும் சரியாக இருக்கும். சில நாள் மானம் போகும். 1974இல் ஆப்பிரிக்காவின் டாக்கர் நகருக்கு எதிரே அட்லாண்டிக் கடலில் பல நாட்டுக் கப்பல்களும் விமானங்களும் கூடி வெப்பமண்டல மேகங்களை ஆராய்ந்தன. அந்தத் தகவலை வைத்து பிலிப் ஆர்க்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு சுலபமான விதியைக் கண்டார். மேக உச்சி 235 கெல்வினுக்குக் கீழே, அதாவது மைனஸ் 38 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போய்விட்டால் மணிக்கு 3 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள். அவ்வளவுதான். நம்ப முடியாத அளவுக்கு எளிமையான இந்த விதி, பெரிய பரப்பில் ஒரு மாதக் கணக்குக்கு இன்றும் மோசமில்லை. ஒரு தாலுகாவில் ஒரு மணி நேரம் பெய்த மழைக்கு இதைக் கேட்டால் கைவிரித்துவிடும். இடி மழை ஓய்ந்தபின் மேலே பரந்து நிற்கும் மெல்லிய பனிப்படிக மேகத்தின் உச்சியும் குளிர்ந்துதான் இருக்கும், அதிலிருந்து ஒரு சொட்டும் விழாது.

மேகத்தின் தலையை விட்டு உடம்புக்குள் பார்க்க நுண்ணலை வேண்டும். நம் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் சாதிதான். ஆனால் செயற்கைக்கோள் எதையும் அனுப்பிச் சுடுவதில்லை. பூமியும் கடலும் மழைத்துளியும் தாமாகவே வெளியிடும் மெல்லிய நுண்ணலையைக் காது வைத்துக் கேட்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடல் வெதுவெதுப்பாக இருந்தாலும் நுண்ணலையில் குளிர்ச்சியாகத் தெரியும். தண்ணீர்ப் பரப்பு தன் வெப்பத்துக்கு உரிய கதிர்வீச்சில் பாதியைத்தான் மேலே விடும் என்பதே காரணம். 19 கிகாஹெர்ட்ஸ் அலையில் தெளிந்த கடல் 140 கெல்வின் அளவில் கிடக்கும். அதன்மேல் மழை பெய்தால் துளிகள் தாங்களே ஒளிர்ந்து அதை 250, 260க்குத் தூக்கிவிடும். இருட்டான கடல்மேல் மழை வெளிச்சமாகத் தெரிகிறது. 1972 டிசம்பரில் போன நிம்பஸ் 5 செயற்கைக்கோள் இப்படித்தான் கடல் மழையைக் காட்டியது.

அலைவரிசையை 85 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் கதை தலைகீழ். அங்கே அலையின் நீளம் மூன்றரை மில்லிமீட்டர்தான். மேகத்தின் மேல்பாதியில் இருக்கும் பனித்துகள்கள் கீழிருந்து வரும் கதிர்களைச் சிதறடித்துவிடும். அதனால் பலத்த இடிமேகம் குளிர்ந்த ஓட்டையாகத் தெரியும், சில சமயம் 100 கெல்வினுக்கும் கீழே. ஆக, தாழ்ந்த அலைவரிசை மழைத்துளியைச் சொல்கிறது, உயர்ந்த அலைவரிசை மேலே உள்ள பனியைச் சொல்கிறது.

கையில் இருப்பது ஐந்தாறு அலைவரிசைகளில் ஒன்பது எண்கள். இதிலிருந்து தரையில் விழும் மழையைச் சொல்ல வேண்டும். இங்கேதான் சிக்கல். ஒரே ஒன்பது எண்களைப் பல விதமான மேகங்கள் தரக்கூடும். மேலே பனி அதிகமாகவும் கீழே மழை குறைவாகவும் உள்ள ஒரு மேகமும், பனி குறைந்து மழை கூடிய இன்னொரு மேகமும் சில அலைவரிசைகளில் இரட்டைப் பிள்ளைகள்போல நிற்கும். போதாததற்கு, தாழ்ந்த அலைவரிசையில் ஒரே பார்வைக்குள் அடங்கும் பரப்பு மிகப் பெரியது. மழை பார்க்கவென்றே போன டிஆர்எம்எம் என்ற செயற்கைக்கோளில் இருந்த கருவிக்கு 10 கிகாஹெர்ட்ஸில் அது சுமார் 60 கிலோமீட்டர் நீளம், சென்னையிலிருந்து செங்கல்பட்டுவரை. அதற்குள் தாம்பரத்தில் கொட்டினால், கூடுவாஞ்சேரியில் வெயில் அடித்தால், கருவிக்குக் கிடைப்பது இரண்டும் கலந்த ஓர் எண். எண்ணிலிருந்து மேகத்துக்கு நேர்வழி கிடையாது.

நேர்வழி இல்லாதபோது தலைகீழாகப் போ என்றார்கள். மேகத்தை முதலில் கணினிக்குள் வளர்த்துவிடு. அதை மேலிருந்து பார்த்தால் என்னென்ன எண்கள் வரும் என்று கணக்கிடு. இப்படி ஆயிரக்கணக்கான மேகத் தூண்களைச் சேர்த்து வை. அப்புறம் செயற்கைக்கோள் ஒன்பது எண்களைக் கொண்டுவரும்போது, சேர்த்து வைத்ததில் எவையெல்லாம் இதற்கு ஒத்துப்போகின்றன என்று தேடு. ஒன்றை மட்டும் எடுக்காதே. நெருங்கிய எல்லாவற்றையும் எடு, எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு எடை கொடு, அவற்றின் மழையைச் சராசரி போடு. 1990களில் கிறிஸ்டியன் கும்மராவும் கூட்டாளிகளும் உருவாக்கிய ஜிப்ராஃப் என்ற முறை இதுதான். இந்த எடை போடும் சூத்திரம் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இருந்த பாதிரியார் தாமஸ் பேயஸின் பெயரில் இருக்கிறது. தேவாலயத்தில் இருந்தவர் சூத்திரம் இப்போது மேகத்தில் வேலை பார்க்கிறது.

கணினிக்குள் மேகம் வளர்ப்பது எப்படி? நாசாவின் காடர்ட் மையத்தில் வெய்-குவோ டாவ் குழுவினர் வளர்த்தெடுத்த மேக மாதிரியைச் சொல்கிறேன். வானத்தின் ஒரு துண்டை ஒன்றிரண்டு கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டிக்கொள்வார்கள். அன்று பலூன் கட்டி விட்ட கருவி எடுத்த வெப்பநிலை, ஈரப்பதம், காற்று ஆகியவற்றைத் தொடக்கமாகக் கொடுப்பார்கள். பிறகு சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு கட்டத்திலும் கணக்கு. காற்று ஏறுகிறதா, இறங்குகிறதா? நீராவி எவ்வளவு குளிர்ந்து மேகத்துளியானது? மேகத்துளிகள் மோதிச் சேர்ந்து மழைத்துளியானது எவ்வளவு? மேலே போய் உறைந்தது எவ்வளவு? உறைந்ததிலும் வகை உண்டு. நுண்ணிய பனிப்படிகம், பஞ்சுபோன்ற வெண்பனி, இவற்றின்மேல் குளிர்ந்த துளிகள் ஒட்டி உறைந்து உருண்ட கிராபெல் என்னும் மென்மையான ஆலங்கட்டி. நீராவியோடு சேர்த்து, ஒரு கட்டத்துக்குள் தண்ணீர் ஆறு உருவத்தில் இருக்கும். ஒன்று மற்றொன்றாக மாறும் ஒவ்வொரு வழிக்கும் ஒரு சமன்பாடு.

முதன்முதலில் இதை ஓட்டிப் பார்த்தபோது திரையில் ஒரு கோபுரம் எழும்பிப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் பட்டறைக்கல் வடிவில் விரிந்ததை நான் அரைநாள் வேடிக்கை பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்கி, "இது பெய்யவே பெய்யாத மழைம்மா, பார்த்து எழுதுங்க" என்றார். அந்த எச்சரிக்கையை நான் மறக்கவில்லை. அட்லாண்டிக்கில் 1974இல் பார்த்த மேகங்களையும், 1992-93இல் மேற்குப் பசிபிக்கில் ஆராய்ந்த மேகங்களையும் இந்த மாதிரிக்குள் மறுபடி எழுப்பித்தான் அந்தச் சேமிப்பு தொடங்கியது. அதாவது வங்கக் கடலில் பெய்த மழைக்கு எண் சொல்லும்போது கணினி திரும்பிப் பார்த்தது பசிபிக்கிலும் அட்லாண்டிக்கிலும் என்றோ பெய்து முடிந்த மழையின் நகல்களை.

நகலில் குறையும் இருந்தது. மாதிரிகள் தாராளமாகக் கிராபெல் செய்துவிட்டன. அந்த மேகத்தை 85 கிகாஹெர்ட்ஸில் பார்த்தால் எவ்வளவு குளிர்ந்து தெரியும் என்று கணக்கிட்டால், நிஜச் செயற்கைக்கோள் பார்ப்பதைவிட மிகவும் குளிர்ந்து வந்தது. மாதிரியை வைத்துச் செயற்கைக்கோள் எண்ணைப் புரிந்துகொள்ள வந்தவர்கள், செயற்கைக்கோள் எண்ணை வைத்து மாதிரியைத் திருத்த வேண்டியதாயிற்று. டாவ் குழுவிலிருந்த ஸ்டீபன் லாங் போன்றவர்கள், பனி எப்போது கிராபெலாக மாறலாம் என்ற விதிகளை இறுக்கி, 2007ஐ ஒட்டி இதைப் பெருமளவு சரிசெய்தார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். திரையில் காட்டும் அழகான கோபுரத்தைவிட, அது பொய் என்று பிடிபட்ட விதம் சுவாரசியமானது.

இந்த வேலை முழுவதற்கும் பின்னால் இருந்தவர் ஜோன் சிம்ப்சன். 1949இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வானிலையியல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண். கணினி கைக்கு எட்டாத 1950களிலேயே மேகத்தின் வளர்ச்சியைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தவர். 1986 முதல் டிஆர்எம்எம் திட்டத்தின் அறிவியல் பொறுப்பைச் சுமந்தார். அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து 1997 நவம்பர் கடைசியில் தானேகஷிமா தீவிலிருந்து அதை ஏவியபோது அவருக்கு வயது 74. மூன்றாண்டு வேலைக்கென்று போனது, 2015 வரை உழைத்தது.

நுண்ணலைக் கருவியோடு, விண்வெளிக்குப் போன முதல் மழை ரேடாரும் அதில்தான் இருந்தது. ரேடார் தானே அலையை அனுப்பி எதிரொலி வாங்குவதால் மேகத்தை 250 மீட்டர் அடுக்குகளாக வெட்டிக் காட்டும். ரேடார் வந்தபின் ஊகம் எதற்கு என்று கேட்கலாம். அதுவும் ஊகிக்கத்தான் செய்கிறது. எதிரொலி, துளியின் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். 2 மில்லிமீட்டர் துளி ஒன்று தரும் எதிரொலியும் 1 மில்லிமீட்டர் துளிகள் அறுபத்து நான்கு தரும் எதிரொலியும் ஒன்றே. தண்ணீரோ இரண்டாவதில் எட்டு மடங்கு. துளி பெரிதா சிறிதா என்று தெரியாமல் மழை தெரியாது. இதைத் தெரிந்துகொள்ளத்தான் 2014 பிப்ரவரியில் போன ஜிபிஎம் செயற்கைக்கோளில் இரண்டு அலைவரிசை ரேடாரை வைத்தார்கள். இப்போது ஜிப்ராஃபின் சேமிப்பில் கணினி மேகங்களோடு ரேடார் கண்ட நிஜ மேகங்களும் நிறைய சேர்ந்துவிட்டன. ஆனாலும் ரேடாரின் பாதை 250 கிலோமீட்டர் அகலம்கூட இல்லை. மீதி உலகத்துக்கு நுண்ணலையும் சேமிப்பும்தான்.

நம் பங்கும் இதில் உண்டு. இஸ்ரோவும் பிரான்சும் சேர்ந்து 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய மேகா-ட்ராபிக்ஸ் நிலநடுக்கோட்டுக்கு 20 டிகிரி சாய்வில் மட்டும் சுற்றியது. அதனால் தமிழ்நாட்டை ஒரே நாளில் பல தடவை கடந்தது. அதன் மழைக் கருவியான மெட்ராஸ் (ஊர்ப் பெயர் அல்ல, சுருக்கப் பெயர் அப்படி அமைந்துவிட்டது) 2013 ஜனவரியில் சுழலும் பகுதி பழுதாகி நின்றது. ஈரப்பதம் பார்க்கும் சஃபீர் என்ற கருவி பிறகும் பல ஆண்டு உழைத்தது.

இனி கடலை விட்டுத் தரைக்கும் மலைக்கும் வருவோம். தரையின் மேல் மழை பார்ப்பது கடலைவிடக் கடினம். தரை தானே நுண்ணலையில் சூடாகத் தெரிவதால் அதன்மேல் மழைத்துளியின் ஒளி எடுபடாது. மிஞ்சுவது மேலே உள்ள பனியின் சிதறல் மட்டும். பனி நிறைய இருந்தால் கீழே மழை நிறைய என்று மாதிரி மேகங்கள் சொல்லிக் கொடுத்த உறவை வைத்துத்தான் தரையில் கணக்கு ஓடுகிறது. சித்திரை மாதத்து இடிமழைக்கு இது நன்றாகவே பொருந்தும்.

என் பெரியப்பா வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஃபீல்டு ஆபீசராக இருந்தவர். தோட்ட ஆபீஸ் வாசலில் ஒரு மழைமானி, உள்ளே தடித்த அட்டை போட்ட மழைப் பதிவேடு. ஆடி மாதப் பக்கங்களில் மை ஊறிப்போயிருக்கும். ஓர் ஆடியில் நான் அங்கே இருந்தபோது செயற்கைக்கோள் மழைப்படத்தை மடிக்கணினியில் திறந்து காட்டினேன். மலை மேல் இளம்பச்சை, அதாவது சுமாரான மழை. வெளியே இரண்டு நாளாக விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. அன்று காலைதான் பாட்டில் நிறைந்து வெளி உருளைக்குள் வழிந்ததையும் சேர்த்து அளந்து எழுதியிருந்தார்.

"ஏங் கண்ணு, இத்தனை கோடி போட்டு மேல வெச்சிருக்கற சாமானுக்கு எங்கூரு மழை கண்ணுல படலியா?"

"அது மேல இருக்கற ஐஸைத்தான் பார்க்குது பெரியப்பா. இங்க மேகத்துல ஐஸ் சேர்றதுக்கு முன்னாடியே மழை விழுந்துருது."

கொஞ்சநேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப உங்க கம்ப்யூட்டருக்கு இந்த மேகத்த யாரும் காட்டலையாட்ட இருக்குது."

விஷயம் அதுதான். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி ஏறுகிறது. அங்கே உருவாகும் மேகங்களில் பெரும்பாலானவை உயரம் குறைந்தவை. நம் பகுதியில் உறைநிலை சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, பல மேகங்கள் அதைத் தாண்டி அதிகம் போவதில்லை. துளிகள் மோதிச் சேர்ந்தே பெருத்து விழுந்துவிடும். அகச்சிவப்புக்கு உச்சி குளிரவில்லை, நுண்ணலைக்குப் பனி இல்லை. தமிழ்நாட்டில் அதிக மழை வாங்கும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு அந்தப் பக்கம்தான். அங்கே போய்ப் படம் குறைத்துச் சொல்கிறது. மேற்கு மலைச்சரிவு மழையைச் செயற்கைக்கோள் கணக்குகள் குறைத்துக் காட்டுவதை ஆய்வுகள் பலமுறை உறுதிப்படுத்தியிருக்கின்றன. ஜப்பானும் மலைநாடு என்பதால் அவர்களுக்கும் இதே தலைவலி. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஷோய்ச்சி ஷிகே குழு 2013இல் ஒரு வழி சொன்னது. காற்று எந்த வேகத்தில் எந்தச் சரிவில் ஏறுகிறது, ஈரம் எவ்வளவு குவிகிறது என்று முதலில் பார். மலை மழைக்கான அறிகுறி இருந்தால் வழக்கமான மேகச் சேமிப்பை விட்டு, தாழ்ந்த மேகங்களுக்கென்று தனியாகச் செய்த அட்டவணையை எடு. ஜிஎஸ்மேப் என்ற ஜப்பானிய மழைக் கணக்கில் இது சேர்ந்துவிட்டது. முன்னைக்கு இப்போது மேல். ஆனால் பாட்டிலோடு இன்னும் சமமாக நிற்கவில்லை.

சித்தி அனுப்புவதுபோன்ற படம் உங்களுக்கும் வந்தால், முதலில் எந்த இடம் என்று பாருங்கள். நடுக்கடலில் புயலைச் சுற்றியுள்ள சிவப்பை நம்பலாம். அதன் எல்லை சற்று முன்னேபின்னே இருக்கும், அவ்வளவுதான். சமவெளியில் மாலை இடிமழையையும் ஓரளவு நம்பலாம். ஆனி, ஆடியில் கூடலூர், வால்பாறை, குடகு ஆகிய இடங்களின் மேல் வெளிர்நிறம் தெரிந்தால் அணைக்காரர்கள் மழைமானியைக் கேட்காமல் நிம்மதி அடையக் கூடாது. அடுத்து, படம் பெய்து எவ்வளவு நேரத்தில் வந்தது என்று பாருங்கள். நாசாவின் ஐமெர்க் கணக்கு ஒரே மழைக்கு மூன்று தடவை எண் தருகிறது. சுமார் நான்கு மணி நேரத்தில் ஒன்று, அரை நாள் கழித்து ஒன்று, மூன்று நான்கு மாதம் சென்று ஒன்று. அரை மணிக்கு ஒருமுறை, பத்துப் பதினொரு கிலோமீட்டர் கட்டத்துக்கு ஓர் எண். கடைசி எண்ணுக்கு அத்தனை மாதம் ஆவதற்குக் காரணம், ஜெர்மனியில் இருக்கும் ஒரு மையம் உலக நாடுகளின் மழைமானிக் கணக்கை மாதவாரியாகத் திரட்டித் தரும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதுதான். தரையின் மேல் செயற்கைக்கோள் சொன்னதை அதைக் கொண்டே திருத்துகிறார்கள். வாட்ஸ்அப்பில் காலை ஆறு மணிக்கு வருவது பெரும்பாலும் அந்தத் திருத்தம் பார்க்காத முதல் எண்.